நாலாம் பிரஸ்ஸும் ஞாபகக் கமிட்டியும்

எங்கள் கம்பெனியில் பாத்ரூம் குழாய் ஒழுகினால் பார்க்க ஆள் கிடையாது. ஆனால் ஞாபகத்துக்கு ஒரு கமிட்டி இருக்கிறது. தலைவர் ஒருவர், துணைத் தலைவர் இருவர், ஆலோசகர் ஐவர், மரியாதைக்காக அழைக்கப்படுகிறவர்கள் ஆறு பேர். நான் அதற்குக் கிராணி. கிராணி என்றால், கூட்டத்தில் வாயைத் திறக்காமல் எல்லாவற்றையும் டைப் செய்கிறவள் என்று அர்த்தம். பதினேழு வருஷமாக டைப் செய்கிறேன். டைப் செய்ததைத் திரும்பப் படித்துப் பார்த்தது இந்த வருஷம்தான்.

அலுவலகம் ஜார்ஜ்டவுனில். கமிட்டி கூடும் அறை 3A மாடியில் இருக்கிறது. லிஃப்டில் மூன்றுக்கு மேல் 3A, அதற்கு மேல் ஐந்து. நாலு என்றால் சீனர்களுக்குச் சாவு ஞாபகம் வரும், அவர்கள் மொழியில் இரண்டும் ஒரே போல ஒலிக்கும். அதனால் எங்கள் ஊரில் பல கட்டடங்களில் நாலாம் மாடி கிடையாது. யாரும் இதை ஒரு விஷயமாக எடுத்துக்கொள்வதில்லை. நானும் எடுத்துக்கொண்டதில்லை.

தொழிற்சாலை கடலுக்கு அக்கரையில், புக்கிட் தெங்காவில். வாஷிங் மெஷினுக்குத் தகடு அடிக்கிறோம். மொத்தம் ஆறு பிரஸ். ஒன்று முதல் ஆறு வரை மஞ்சள் பெயிண்டில் ஒவ்வொன்றின் மேலேயும் பெரிதாக எழுதியிருக்கும். அங்கே நாலு உண்டு. சாவைப் பற்றிய கூச்சமெல்லாம் லிஃப்டில் போகிறவர்களுக்குத்தான் என்று நினைத்திருப்பார்கள் போலிருக்கிறது.

அந்த நாலாம் பிரஸ்ஸில் ஒரு கோளாறு. சுவிட்சை அணைத்து, சத்தமெல்லாம் அடங்கிய பிறகும், குழாயில் மிச்சமிருக்கிற காற்றில் அது இன்னும் ஒரு தடவை கீழே இறங்கும். சில நாள் இறங்காது. சில நாள் அரை நிமிஷம் கழித்து இறங்கும். புது வால்வு போட்டால் சரியாகிவிடும். வால்வு கேட்டு மூன்று தடவை எழுதிக் கொடுத்தாயிற்று. அது வரும்வரைக்கும் என்று நல்லமுத்து அண்ணன் ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பைக் கிழித்து, மார்க்கரால் எழுதி, சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார். "நிறுத்தினாலும் ஒரு தடவ எறங்கும். காத்த எறக்கிட்டுக் கை வை." அதன் கீழே மலாயிலும் அதையே எழுதியிருந்தார்.

நல்லமுத்து அண்ணன் மெயின்டனன்ஸ் ஆள். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். தொழிற்சாலையில் எந்த மெஷினைப் பார்த்தாலும் அவர் டேப் ஒன்று இருக்கும். இந்த நட்டை இடது பக்கம் திருப்பு. மழை பெய்தால் இந்த சுவிட்சைத் தொடாதே. இந்த மீட்டர் எப்போதும் இரண்டு கூடக் காட்டும், நம்பாதே. மெஷினைப் பார்த்தால் தெரியாத விஷயங்களை மட்டுமே அவர் எழுதுவார். அவர் எந்தக் கமிட்டியிலும் இல்லை.

ஜனவரியில் எங்களுக்கு ஏ.ஐ. உதவியாளர் வந்தது. அதைக் கவனிக்க, கம்பெனியின் பழைய விழாக் கமிட்டிக்கே ஞாபகக் கமிட்டி என்று பெயர் மாற்றினார்கள். பெயர் வைக்க ஒரு போட்டி நடத்தி, 'இங்காத்' என்று வைத்தார்கள். மலாயில் ஞாபகம் வை என்று அர்த்தம். தொழிற்சாலையில் ஸ்பீக்கர் வழியாகப் பேசும், யார் என்ன கேட்டாலும் பதில் சொல்லும். அதைப் பொருத்த வந்த என்ஜினியர் சாஹித், முதல் கூட்டத்தில் கமிட்டிக்கு விளக்கம் சொன்னார்.

"இது தெனமும் காலையில புதுசா எந்திரிக்கும் டத்தோ. நேத்து நடந்தது எதுவும் அதுக்குத் தெரியாது. இந்தக் குறிப்பு ஃபைல்தான் அதோட ஞாபகம். எந்திரிச்சதும் மொத எரநூறு வரி படிச்சுக்கும். அதுக்குக் கீழ உள்ளத, தேடினாத்தான் எடுக்கும்."

தலைவர் டத்தோ மோகனராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். டத்தோ என்பது எங்கள் நாட்டில் அரசாங்கம் கொடுக்கிற பட்டம். நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவர் பட்டங்களைச் சரியாகச் சொல்கிறவர்கள் எல்லோரும்.

"அப்ப நான் யாருன்னு அதுக்குத் தெனமும் சொல்லணுமா?"

"ஃபைல்ல எழுதி வச்சா அதுவே தெரிஞ்சுக்கும் டத்தோ."

"எழுதுங்க மோகனா," என்றார் என்னைப் பார்த்து.

கதை அன்றைக்கே முடிந்துவிட்டது. பிறகு நடந்ததெல்லாம் டைப்பிங்.

இங்காத்திடமே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று சாஹித் சொன்னதால், குறிப்பை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டார்கள். அது மரியாதையாகத்தான் சொன்னது. குறிப்பு சின்னதாக இருக்கட்டும். ஆளுக்குக் காயம் உண்டாக்கக்கூடிய விஷயம் முதல் வரியில் இருக்கட்டும். பார்த்தாலே தெரிவதை எழுத வேண்டாம், தெரியாததை எழுதுங்கள், ஏன் என்பதையும் எழுதுங்கள். மாறிப்போன விஷயத்தை அழித்துவிடுங்கள், இல்லையென்றால் நாளைக்கு நான் அதை உண்மை என்று நம்பிவிடுவேன். கேட்டுக்கொண்டே இருந்த எனக்கு நல்லமுத்து அண்ணன் பேசுவது போலவே இருந்தது.

கமிட்டி அதற்குக் கை தட்டியது. பிறகு டத்தோ பேசினார்.

"நல்ல கருத்து. ஆனா ஒரு விஷயம். மனுஷன் எத வேணும்னாலும் மறக்கலாம், மறந்தா மன்னிப்புக் கேட்டுக்கலாம். ஒரு பெரியவரோட பட்டத்த மறந்தா? மன்னிப்பே கெடையாது. போன வருஷம் ஒரு விழாவுல எனக்கு முன்னாடி இன்னொருத்தர் பேரச் சொல்லிட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் நான் அத மறக்கல. அதான் ஞாபகம்னா."

எங்கள் நாட்டில் பள்ளிக்கூட விளையாட்டு விழா என்றால்கூட, பேச வருகிறவர் முன்வரிசையில் இருக்கிற அத்தனை பேரையும் பட்டத்தோடு கூப்பிட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். பத்து நிமிஷம் போகும். வெயிலில் நிற்கிற பிள்ளைகள் மயங்கி விழும். கமிட்டி அந்த வழக்கத்தை அப்படியே தூக்கிக் குறிப்பு ஃபைலில் வைத்தது. ஒவ்வொரு குறிப்பும் தலைவர், துணைத் தலைவர்கள், ஆலோசகர்கள், அழைப்பாளர்கள் ஆகியோரின் முழுப் பட்டத்தோடு விளித்துத் தொடங்க வேண்டும் என்று தீர்மானம். ஒரு பெயருக்கு ஒரு வரி. பதினான்கு வரி விளிப்பு, ஒரு வரி விஷயம்.

எதையும் அழிக்கக் கூடாது என்று இன்னொரு தீர்மானம். டத்தோவைவிடப் பெரிய பட்டமான டான்ஸ்ரீ வைத்திருக்கிற ஆலோசகர் ஒருவர் பதவியை விட்டுப் பெர்த்தில் மகள் வீட்டுக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. அவர் பெயரை எடுத்துவிடலாமா என்று சாஹித் கேட்டதற்கு, அறையில் யாரும் சாஹித்தின் முகத்தைப் பார்க்கவில்லை. டான்ஸ்ரீயை அழிப்பதற்கு யார் கையெழுத்துப் போடுவது? அவர் இன்னும் ஃபைலில் இருக்கிறார். நான்தான் டைப் செய்தேன்.

பிப்ரவரியில் ஆடிட் வந்தது. ஞாபகத்துக்கு ஏ.ஐ. இருக்கும்போது மெஷினில் டேப் ஒட்டியிருப்பது அசிங்கம் என்று, எல்லாவற்றையும் உரித்தெடுக்கச் சொன்னார்கள். அதே வாரம் நல்லமுத்து அண்ணனை ஆறு மாதத்துக்கு ஜுரு கிளைக்கு மாற்றினார்கள். நாலாம் பிரஸ்ஸில் இருந்தவர் வேலையை விட்டுவிட்டதால், பேக்கிங்கில் இருக்கும் ஜெயலெட்சுமி அக்காவை அங்கே போடுவதாகவும் முடிவானது.

மறுநாள் நல்லமுத்து அண்ணன் ஃபெரி ஏறி என்னைத் தேடி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே உரித்த டேப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டியாக உருண்டு கிடந்தன.

"எத்தனையோ இருக்கு மோகனா. அதெல்லாம் போனாப் போகுது. ஒண்ணே ஒண்ணு மட்டும் அந்த ஏ.ஐ. ஞாபகத்துல ஏத்திடு. நாலாம் பிரஸ்."

"எழுதிக் கொடுங்கண்ணே. கமிட்டிக்கு வைக்கிறேன்."

"எழுதறதுக்கு என்னா இருக்கு? ஒரு வரிதான் லா. ஜெயலெட்சுமி புதுசு. பேக்கிங்ல இருந்து வர்ற ஆளு. தகடு சிக்கிச்சுன்னா சுவிட்ச அணைச்சிட்டுக் கைய உள்ள விட்டு எடுப்பா. எல்லாரும் அப்படித்தான் எடுப்பாங்க. அந்த ஒரு வரி தெரியலன்னா கை போயிடும்."

ஜெயலெட்சுமி அக்காவை எனக்கு நன்றாகத் தெரியும். கம்பெனி ஃபேமிலி டேயில் மூன்று வருஷமாகக் கேரம் சாம்பியன். ஆட்டத்துக்கு முன்னால் விரலை உதறிக்கொண்டு, எதிரில் இருப்பவரிடம், "வூட்டுக்குப் போயிடலாம்ல?" என்று கேட்பார். சிரித்துக்கொண்டேதான் கேட்பார்.

'நாலாம் பிரஸ்ஸில் கோளாறு' என்ற தலைப்போடு நல்லமுத்து அண்ணனின் ஒரு வரி கமிட்டிக்குப் போனது. முதலில் மொழிநயத் துணைக்குழு. அதற்குத் தலைவி, கமிட்டியின் துணைத் தலைவர்களில் ஒருவரான ஜெகதீஸ்வரி அம்மா. மெதுவாகப் பேசுவார், யாரையும் கடிந்துகொள்ள மாட்டார்.

"'கை வை', 'கை வைக்காத' இதெல்லாம் கேக்கறதுக்கு ஒரு மாதிரி இருக்கு இல்லையா? 'கோளாறு'ன்னு வேற எழுதியிருக்கார். ஆடிட்ல யாராவது படிச்சா என்ன நினைப்பாங்க? நல்லதா மாத்திடுவோம்."

மாற்றினார்கள். கோளாறு போய் 'கூடுதல் இயக்கம்' வந்தது. காற்றை இறக்கு என்பது போய், 'காற்று தொடர்பான உரிய நடவடிக்கைகள் பரிசீலிக்கப்படலாம்' என்று வந்தது. கை என்ற சொல்லே போய்விட்டது.

அடுத்து, துணைத் தலைவர்களில் இன்னொருவரான சிவநேசன். தொழிற்சாலை மேற்பார்வையும் அவர்தான்.

"நாலு வேணாமே. ஃபைல் டைரக்டருங்க கிட்டயும் போகுது. அவங்க பாத்துட்டு முகம் சுளிப்பாங்க. 3A-ன்னு போடுங்க."

"பிரஸ் மேல நாலுன்னுதானே எழுதியிருக்கு?" என்று சாஹித் கேட்டார்.

"பிரஸ் மேல யாரு பாக்கப் போறா? ஃபைலத்தான் பாப்பாங்க."

மார்ச்சில் குறிப்பு ஏறியது. விளிப்பு பதினான்கு வரி. பிறகு, '3A பிரஸ் சில தருணங்களில் கூடுதல் இயக்கத்தை வெளிப்படுத்தக்கூடும், காற்று தொடர்பான உரிய நடவடிக்கைகள் பரிசீலிக்கப்படலாம்.' ஃபைலில் அது இருநூற்றுப் பதினாலாவது வரி. மேலே இருக்கிற இருநூறும் அநேகமாகப் பட்டங்கள். நடுநடுவே டத்தோவின் செய்தி, பெயர் சூட்டும் போட்டியின் முடிவு, கமிட்டி எடுத்துக்கொண்ட படத்தின் விவரம்.

அன்றைக்கே இங்காத் ஒரு கேள்வி எழுதி வைத்தது. தொழிற்சாலைப் பட்டியலில் 3A என்று மெஷின் இல்லை, இது எந்த மெஷின் என்று யாராவது சொல்ல முடியுமா, ஆபத்தான விஷயமாகத் தெரிகிறது, சாதாரண வார்த்தையில் மேலே எழுதினால் நல்லது. கமிட்டி அந்தக் கேள்வியை வரவேற்று, உரிய விளிப்போடு குறிப்பில் சேர்த்தது. அது இருநூற்று முப்பத்தொன்றாவது வரி. அடுத்த நாள் காலையில் இங்காத் அதை மறந்துவிட்டது. அதற்கு ஞாபகம் இல்லை என்பதைக் கமிட்டி மறக்கவில்லை, வசதியாகத்தான் இருந்தது.

கீழே இருக்கும் வரிகளில் தலைவர்களின் தனிப்பட்ட கருத்துகள் இருப்பதால், இருநூறுக்குக் கீழே இங்காத் சொல்லைத் தேடிப் பார்க்கலாம், திறந்து படிக்கக் கூடாது, படிக்கக் கமிட்டியின் கடிதம் வேண்டும் என்று பிறகு இன்னொரு விதி போட்டார்கள்.

தினமும் காலை ஏழரைக்குத் தொழிற்சாலை ஸ்பீக்கரில் இங்காத் அன்றைய குறிப்பைச் சொல்லும். பதினோரு நிமிஷம் பட்டங்கள். ஆட்கள் வரிசையில் நின்று கேட்க வேண்டும். நூருல் ஹுதா என்ற பெண் நிற்க முடியாமல் உட்கார்ந்ததற்கு எச்சரிக்கைக் கடிதம் வாங்கினாள். ஏழு மாதக் கர்ப்பிணி. கடிதத்தில் அவளுடைய பெயர் கடைசியில் இருந்தது.

ஜூலையில் டத்தோவுக்கு இன்னொரு பட்டம் கிடைத்தது. பழைய பட்டத்தோடு இருக்கும் அவர் பெயரை அழிக்கக் கூடாது. புதுப் பட்டத்தோடு சேர்க்காமலும் இருக்க முடியாது. அதனால் ஒவ்வொரு குறிப்பிலும் அவர் இரண்டு தடவை வந்தார். இரண்டாவது டத்தோ முதல் டத்தோவுக்கு வணக்கம் சொல்வது போல இருக்கும். நான் மூன்று நாள் உட்கார்ந்து அதையும், ஃபைலின் தலையில் சேர்த்த வாழ்த்துச் செய்திகளையும் டைப் செய்தேன். நாலாம் பிரஸ் இன்னும் கீழே போனது. மூன்றாம் நாள் கழுத்து வலித்தது, அதைத் தவிர எனக்கு எதுவும் தோன்றவில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. நாலாம் பிரஸ்ஸில் தகடு கோணலாகச் சிக்கிக்கொண்டது. ஜெயலெட்சுமி அக்கா சுவிட்சை அணைத்தார். கையை உடனே விடவில்லை. அவ்வளவு கவனமான ஆள். சுவிட்சுக்குப் பக்கத்தில் டேப் உரித்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்ததாம், இங்கே ஏதோ எழுதியிருந்ததே என்று நினைத்தாராம். ஸ்பீக்கரைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்.

"இங்காத், நாலாம் பிரஸ்ல கைய விட்டு எடுக்கலாமா?"

"நாலாம் பிரஸ் பற்றி என் குறிப்பில் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் குறிப்பில் இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று நான் சொல்ல முடியாது. மெஷின் தெரிந்த ஒருவரைக் கேட்காமல் கை விட வேண்டாம்."

சிவநேசன் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவர் முதல் வாக்கியத்தோடு திரும்பிவிட்டார்.

"அதான் எதுவும் இல்லன்னு சொல்லிடுச்சுல்ல. எடுங்கக்கா. ஏற்கெனவே காலையில பதினோரு நிமிஷம் போச்சு."

அக்கா எடுத்தார். பிரஸ் ஒரு தடவை இறங்கியது.

வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. தகடு பத்திரமாக இருந்தது. அதை எடுத்துத் துடைத்து அடுக்கினார்கள் என்று நல்லமுத்து அண்ணனிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். எனக்குச் சொன்னது அவர். சொல்லிவிட்டு அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

வியாழக்கிழமை விசாரணைக் கூட்டம். 3A மாடியில்தான். கேக்கும் தே தாரேக் டீயும் வந்திருந்தன. விளிப்பு முடிந்ததும் டத்தோ இங்காத்திடம் கேட்டார்.

"குறிப்பு இருந்துச்சா, இல்லையா? அத மட்டும் சொல்லு."

"இருந்தது டத்தோ. மார்ச்சில் இருநூற்றுப் பதினாலாவது வரி, இப்போது இருநூற்றுத் தொண்ணூறைத் தாண்டிவிட்டது. 3A பிரஸ் என்று இருக்கிறது. மெஷின் மேல் நாலு என்று எழுதியிருப்பது என் குறிப்பில் எங்கும் இல்லை. ஜெயலெட்சுமி நாலு என்று கேட்டார், நான் நாலைத் தேடினேன். 3A எந்த மெஷின் என்று மார்ச்சிலேயே நான் கேட்டிருக்கிறேன். அந்தக் கேள்வியும் கீழே இருக்கிறது. இன்றைக்கு நீங்கள் படிக்க அனுமதித்த பிறகுதான் எனக்கே தெரியும்."

"இருந்துச்சு," என்றார் டத்தோ, மற்றவர்களைப் பார்த்து. "கேட்டீங்கல்ல, இருந்துச்சு. நம்ம கடமைய நாம செஞ்சிருக்கோம். படிக்க வேண்டியவங்க படிக்கல. எனக்கு மனசு கஷ்டமாத்தான் இருக்கு. அந்தம்மா குடும்பத்துக்கு ஒரு பழக்கூடை அனுப்புங்க, கார்டுல என் புதுப் பட்டம் வரணும்."

இங்காத் பதில் சொன்ன விதம் கூட்டத்துக்கு உகந்ததாக இல்லை என்றும், விளிப்பு முழுமையாக இல்லை என்றும் ஒரு அழைப்பாளர் சுட்டிக்காட்டினார். கமிட்டி வருத்தம் தெரிவித்தது. விபத்துக்கு அல்ல, விளிப்புக்கு.

குறிப்பு இருந்தது தனக்குத் தெரியும் என்று ஜெயலெட்சுமி அக்காவிடம் ஒரு கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள். போக வேண்டியது நான்.

"அவங்களால கையெழுத்துப் போட முடியாது," என்றேன். பதினேழு வருஷத்தில் அந்த அறையில் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. "வலது கை முழுக்கக் கட்டு."

ஜெகதீஸ்வரி அம்மா கனிவோடு யோசித்தார்.

"கட்டைவிரல் இருக்கு இல்லையா? அது போதும். ரேகை வாங்கிட்டு வாங்க. பேப்பர்ல ரேகைன்னு மட்டும் எழுதுங்க, 'மிச்சமுள்ள' அது இதுன்னு எதுவும் வேணாம். படிக்கறவங்களுக்குக் கஷ்டமா இருக்கும்."

அதையும் டைப் செய்தேன். விரல் தானாகவே அடித்துக்கொண்டு போனது. பத்து விரலும்.

ஆஸ்பத்திரியில் அக்கா படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்திருந்தார்கள். பழக்கூடை ஜன்னல் ஓரத்தில் இருந்தது, பிரிக்கவில்லை. நான் பையிலிருந்து பேப்பரை எடுத்தேன். மைப் பெட்டியைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டேன்.

"என்னா எழுதியிருக்கு? படி."

படித்தேன். மாண்புமிகு என்று ஆரம்பித்தேன். அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முதல் பக்கம் முடிந்தது. இரண்டாவது பக்கத்தில் டத்தோ மறுபடியும் வந்தார்.

"என் பேரு இன்னும் வரலியே?"

"வரும்க்கா," என்று சொல்லிவிட்டு, முன்னால் ஓடிப் பார்த்தேன். மூன்றாம் பக்கக் கடைசியில் 'சம்பந்தப்பட்ட பணியாளர்' என்று இருந்தது. இதை நானே அடித்திருக்கிறேன். அடிக்கும்போது பார்க்கவில்லை. "இல்லக்கா. உங்க பேரு இல்ல."

"பெர்த்துல இருக்கற டான்ஸ்ரீ இருக்காரா?"

"இருக்காரு."

"அப்ப அவரு கிட்டயே ரேகை வாங்கிக்கச் சொல்லு." பிறகு கண்ணைத் திறந்தார். "நான் கேட்டேன் மோகனா. கைய விடறதுக்கு முந்தி நான் கேட்டேன். அத மட்டும் எங்கயாவது எழுதி வை."

பேப்பரைக் கிழிக்கக்கூட எனக்கு அருவருப்பாக இருந்தது. மடித்துப் பையில் போட்டுக்கொண்டு பட்டர்வொர்த் வந்து ஃபெரி ஏறினேன்.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் அலுவலகம் போனேன். ஃபைலைத் திறந்தேன். இங்காத்திடம், "இதுல எத வைக்கணும்?" என்று கேட்டேன். படிக்கக் கமிட்டியின் கடிதம் இருக்கிறதா என்று கேட்டது. விசாரணைக்குக் கமிட்டி கொடுத்த கடிதத்தைக் காட்டினேன், அதை டைப் செய்ததும் நான்தான். ஃபைலை மாற்றினால் பெயரும் நேரமும் பதிவாகும், மறைக்க முடியாது, தெரிந்துதானே செய்கிறீர்கள் என்று கேட்டது. தெரிந்துதான் என்றேன். முழுவதும் படித்துவிட்டு ஒரே வரியைக் காட்டியது, 3A பிரஸ் வரி. நல்லமுத்து அண்ணன் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே அதன் இடத்தில் எழுதினேன். அதற்குக் கீழே, ஜெயலெட்சுமி கேட்டார் என்றும் எழுதினேன். மற்ற எல்லாவற்றையும் அழித்தேன். டான்ஸ்ரீயை அழிக்க ஒரு பட்டனை அமுக்க வேண்டியிருந்தது. கையெழுத்தெல்லாம் கேட்கவில்லை.

அன்று காலை ஏழரைக்குத் தொழிற்சாலையில் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். ஸ்பீக்கரில் இங்காத் பேசியது. "நாலாம் பிரஸ் நிறுத்தினாலும் ஒரு தடவை இறங்கும். காற்றை இறக்கிவிட்டுக் கை வையுங்கள். ஜெயலெட்சுமி கேட்டார்." அவ்வளவுதான். முடிந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. நூருல் ஹுதாதான் முதலில் நடந்து போனாளாம்.

மத்தியானத்துக்குள் பழைய ஃபைலைத் திரும்ப ஏற்றிவிட்டார்கள். எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ஏழு நாளில் பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வேலை போகும். ஜுருவிலிருந்து திரும்பிய நல்லமுத்து அண்ணனுக்கும் ஒரு கடிதம். அவர் வந்த அன்றே நாலாம் பிரஸ்ஸில் புது டேப் ஒட்டியிருக்கிறார், சாயங்காலத்துக்குள் அதை உரித்துவிட்டார்கள்.

"வால்வு வந்துடுச்சு தெரியுமா?" என்றார், என் மேஜைக்கு வந்து. "வந்து நாலு நாளாச்சு. டப்பாக்குள்ளதான் இருக்கு."

"ஏண்ணே போடல?"

"டத்தோ வந்து ரிப்பன் வெட்டணுமாம். அவருக்குத் தேதி இல்ல. அடுத்த மாசம் பாக்கலாம்னு சிவநேசன் சொல்றாரு. இப்ப வேற ஆள அதுல போட்டு ஓட்டறாங்க."

சட்டைப் பையிலிருந்து டேப் சுருளை எடுத்து என் மேஜையில் வைத்தார். கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. மார்க்கரையும் வைத்தார்.

ஏழாம் நாள் கமிட்டி கூடும்முன் நான் 3A அறைக்குப் போனேன். மேஜையின் தலைப்பக்கம் டத்தோவின் பெயர்ப்பலகை இருந்தது, பித்தளை, இரண்டு பட்டத்துக்கும் இடம் வேண்டுமென்று புதிதாகச் செய்த நீளமான பலகை. டேப்பைக் கிழித்து அதன்மேல் ஒட்டி, என் பதிலை எழுதினேன். 'ஜெயலெட்சுமிக்கு வலது கையில் மூன்று விரல். நாலாம் பிரஸ் இன்னும் ஓடுகிறது. மோகனா.'

டத்தோ வந்தார். உட்கார்ந்தார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். மறுபடியும் ஒரு தடவை படித்தார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு தலையைத் தூக்கி எல்லோரையும் பார்த்தார்.

"என் பேர மறைச்சு ஒட்டினது யாரு?" என்று கேட்டார்.